ஒன்பது மணிச் சபை

சபை என்று ஒன்று உலகத்தில் தோன்றிய நாளிலிருந்து எத்தனையோ பேர் அதற்காகப் பாடுபட்டிருக்கிறார்கள். சிலர் சிங்கத்தின் வாய்க்குள் போனார்கள். சிலர் கப்பல் கவிழ்ந்து கரை ஒதுங்கினார்கள். ஆனால் சபை எப்படிக் கூட வேண்டும் என்பதை வேதத்திலிருந்து நிமிடக் கணக்கில் கண்டுபிடித்து, மூன்று பிரதிகள் தட்டச்சு செய்து, கோப்பில் கட்டிய பெருமை ஒரே ஒரு குழுவுக்குத்தான் சேரும். அந்தக் குழுவில் நால்வர். நால்வரில் பேனா பிடித்தவர் சபைச் செயலர். இது அவருடைய கதை. மற்ற மூவரின் புகழும் போகிற போக்கில் வந்துவிடும்.

செயலர் வார நாட்களில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வருகைப் பதிவு எழுத்தர். இருபத்தெட்டு வருடமாக வாயிலில் மேசை போட்டு உட்கார்ந்து, நேரத்துக்கு வந்தவர்களை நீல மையிலும் தாமதமாக வந்தவர்களைச் சிவப்பு மையிலும் எழுதி வருபவர். அவருடைய பதிவேட்டில் அடித்தல் திருத்தல் என்ற பேச்சே கிடையாது. ஒரு முறை காய்ச்சலில் கிடந்தபோது, தான் வராததைத் தானே மறுநாள் சிவப்பு மையில் எழுதிக்கொண்டவர். இப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா இருந்தால் அது வேதத்துச் சோம்பேறி வேலைக்காரன் எஜமான் கொடுத்த தாலந்துக் காசைப் புதைத்து வைத்ததைப் போலாகும் என்று சொல்லி, சபைப் பதிவேட்டையும் அவர் தலையிலேயே கட்டியிருந்தார்கள்.

அவருடைய மனைவி பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். நோயாளிகளுக்கு ஞாயிறு என்றும் திங்கள் என்றும் தெரியாத காரணத்தால் படுக்கை விரிப்புகளுக்கும் தெரியவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குப் போனால் எட்டேமுக்காலுக்குத்தான் விடுவார்கள். அங்கிருந்து பஸ் பிடித்து வந்தால் ஒன்பது பத்து. பஸ்ஸுக்கு மனசு சரியில்லை என்றால் ஒன்பது இருபது.

அந்தச் சபையில் ஒரு பழக்கம். ஒன்பது மணிக்கு எல்லாரும் நீள மேசையில் உட்கார்ந்து கர்த்தரின் நினைவாக அப்பம் பிட்டு, ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டுவிட்டுத்தான் பாட்டு, பிரசங்கம் எல்லாம். ஆதியில் அப்படித்தான் செய்தார்கள் என்பதால் இவர்களும் செய்தார்கள். ஆதியில் நடந்த தப்பையும் சேர்த்தே செய்தார்கள். முதலில் வந்தவர்கள் முதலில் சாப்பிட்டார்கள். பசியோடு வந்தவர்கள் பிறகு வந்தார்கள். செயலரின் மனைவிக்குப் பெரும்பாலும் மிஞ்சியது ரொட்டித் தூளும் ஆறிப்போன தேநீரின் அடிக் கசடும்தான். அவள் அதைத் துடைத்துவிட்டு எல்லாருடைய தட்டையும் கழுவுவாள். வேலையே அதுதானே, கை பழகிப்போயிருந்தது.

பன்னிரண்டு வருடம் கழுவிய பிறகு, ஆண்டுக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"சுருக்கமா கேளும்மா," என்றார் தலைவர். தலைவர் என்றால் மூப்பர்களுக்கெல்லாம் மூப்பர். காப்பீட்டு அலுவலகத்தில் துணை மேலாளராக ஓய்வு பெற்றவர். ஒரு வாக்கியத்தைத் தொடங்கும் முன்பே அதற்கு ஒரு எண் கொடுத்துவிடும் சுபாவம்.

"ஒன்பதுக்கு வந்தா ரொட்டி. ஒன்பது பத்துக்கு வந்தா தட்டு கழுவுற வேலை. இது எந்த வேதத்துலங்க இருக்கு?"

மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செயலர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். போதகர் மட்டும் சிரிக்காமல், "அம்மா கேக்குறது நியாயம்தான்," என்றார்.

எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்டால் தலைவர் சும்மா விடுகிற ஆள் இல்லை. அன்றே ஒரு குழு அமைக்கப்பட்டது. பெயர்: 'வேதமுறைக் கூடுகை ஆய்வு மற்றும் நடைமுறைப்படுத்தல் குழு'. தலைவர், செயலர் இருவரும் பதவி வழியில் உறுப்பினர்கள். நேரம் சம்பந்தப்பட்டது என்பதால் கடிகாரக் கடைக்காரர் சேர்க்கப்பட்டார். விதி சம்பந்தப்பட்டது என்பதால் வக்கீல் குமாஸ்தா சேர்க்கப்பட்டார். கேள்வி கேட்டவளைச் சேர்க்கலாமே என்றார் போதகர். அவள் கூட்டங்களுக்கு நேரத்துக்கு வரமாட்டாளே என்று குழு கவலைப்பட்டது.

குழு பதினோரு முறை கூடியது. பதினோரு முறையும் ஜெபத்தில் தொடங்கி பிஸ்கட்டில் முடிந்தது. பிஸ்கட் செயலருடைய தொழிற்சாலையில் உடைந்ததற்காகக் கழித்த பிஸ்கட். வேதத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டி, இருபத்திரண்டு விதிகளைக் கண்டெடுத்தார்கள்.

முதல் விதி: ஆதிச் சபை மேல்வீட்டறையில் கூடியது. இவர்களுடைய மண்டபமோ தரைத்தளம். மேலே மாடி கட்ட நகராட்சி அனுமதி இல்லை. எனவே மேசைக்கும் இருக்கைகளுக்கும் அடியில் ஆறு அங்குல உயரத்துக்குப் பலகை மேடை அடித்து, 'மேல்வீட்டறை' என்று ஒரு அறிவிப்பு மாட்டப்பட்டது. அடுத்த ஞாயிறே இரண்டு பேர் அந்த மேல்வீட்டிலிருந்து தடுக்கி விழுந்தார்கள்.

ஆறாம் விதி இன்னும் நுட்பமானது. வேதத்தில் ஓரிடத்தில், ஆதிச் சபையின் ஊழியரான அப்போஸ்தலன் பிரசங்கத்தை நீட்டிக்கொண்டே போனபோது, சன்னலில் உட்கார்ந்திருந்த வாலிபன் தூங்கிப்போய் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். இதிலிருந்து கிடைக்கும் பாடம் பிரசங்கத்தைக் குறைப்பதா, சன்னலை மூடுவதா என்று இரண்டு அமர்வுகள் வாதம் நடந்தது. சன்னல்களில் ஆணி அடிக்கப்பட்டது.

ஒருவரையொருவர் பரிசுத்த முத்தத்தோடு வாழ்த்த வேண்டும் என்பது ஒன்பதாம் விதி. அது 'பரிசீலனையில்' வைக்கப்பட்டது. இன்றைய தேதி வரை பரிசீலனையில்தான் இருக்கிறது.

பதினேழாம் விதிக்கு வந்தபோதுதான் செயலருக்கு உடம்பு சிலிர்த்தது. அப்போஸ்தலன் ஒரு பட்டணத்துச் சபைக்கு எழுதிய நிருபம். அங்கேயும் இதே கூத்து. வசதியானவர்கள் முன்னதாக வந்து தின்று தீர்த்துவிடுவார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் பட்டினியாக நிற்பார்கள். அவர் நாலு திட்டுத் திட்டிவிட்டுக் கடைசியில் எழுதுகிறார்: சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

"இதுதாங்க ஐயா! அவ கேட்டதுக்கு அச்சு அசலா இதுதாங்க பதில்!" என்றார் செயலர். குழுவில் அவர் தானாக வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு போட்டிருக்கா?" என்று கேட்டார் கடிகாரக்காரர்.

"போடல."

"அப்போ எல்லாரும் வர்ற வரைக்கும்தான்," என்றார் தலைவர். "பதினேழு. பதிவேட்டில் உள்ள அனைவரும் வரும்வரை கூடுகை தொடங்கலாகாது. எழுதிக்கோங்க."

செயலர் எழுதிக்கொண்டார். அவ்வளவு அழகான கையெழுத்து அவருக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை.

விதி நடைமுறைக்கு வந்த முதல் ஞாயிறு. பதிவேட்டில் அறுபத்து மூன்று பேர். ஒன்பது மணிக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். மேசையில் ரொட்டி மூடி வைக்கப்பட்டிருந்தது. தேநீர் அடுப்பிலேயே இருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதால் ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். இத்தனை வருடமாக ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அன்றைக்கு முகத்தைப் பார்த்தார்கள். கைத்தடிக்காரர் தனக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஆறு மாதம் ஆகிறது என்றார். பக்கத்திலிருந்தவருக்கு அவர் கண் தெரியாமல் இருந்ததே தெரியாது. இரட்டைக் குழந்தைக்காரியிடமிருந்து ஆளுக்கொரு குழந்தையை வாங்கிக்கொண்டார்கள். அவள் சுவரில் சாய்ந்தபடி கால் மணி நேரம் தூங்கினாள். சன்னல் மூடியிருந்ததால் விழவில்லை.

ஒன்பது பன்னிரண்டுக்குச் செயலரின் மனைவி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன, இன்னைக்கு ரொட்டி வரலையா?"

"வந்திருச்சு. உனக்காகத்தாம்மா காத்திருக்கோம்," என்றார் கைத்தடிக்காரர்.

கடைசி ஆளாகப் பஸ் ஓட்டுநர் பதினொன்று இருபதுக்குக் காக்கிச் சட்டையோடு ஓடி வந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். அப்பம் பிட்கப்பட்டது. தேநீர் ஊற்றப்பட்டது. செயலரின் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "சூடா இருக்குங்க," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "சூடா இருக்கு," என்றாள். செயலர் பதிவேட்டைத் திறந்து தேவையில்லாமல் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

மறுநாள் குழு அவசரமாகக் கூடி, அந்த ஞாயிறைப் 'படுதோல்வி' என்று பதிவு செய்தது.

"நூத்தி நாப்பது நிமிஷம்!" என்றார் கடிகாரக்காரர். "ஒரு சங்கீதம் இல்ல, ஒரு சாட்சி இல்ல. எல்லாரும் சும்மா சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க."

"நானே காதால கேட்டேன்," என்றார் தலைவர், மிகுந்த வருத்தத்தோடு. "ஆனா விதிய மாத்த முடியாது. வேதத்துல இருக்கு."

அப்போதுதான் வக்கீல் குமாஸ்தா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதைத் துடைக்கும்போதெல்லாம் எங்கோ ஒரு குடும்பம் சொத்தை இழக்கும் என்று கோர்ட்டில் பேச்சு.

"விதிய மாத்த வேண்டாங்க. விதி என்ன சொல்லுது? பதிவேட்டில் உள்ள அனைவரும் வர்ற வரைக்கும். காத்திருக்கிற நேரத்தைக் குறைக்க ரெண்டு வழி. ஒண்ணு, வராதவங்களச் சீக்கிரம் வர வைக்கிறது. அது நம்ம கையில இல்ல. இன்னொண்ணு, பதிவேட்டச் சரி பண்றது. அது நம்ம கையில இருக்கு."

எல்லாரும் செயலரின் கையைப் பார்த்தார்கள். பதிவேடு அங்கேதான் இருந்தது.

இப்படியாகப் பதினேழாம் விதியின் 'அ' பிரிவு பிறந்தது. மூன்று ஞாயிறுகள் தாமதமாக வருகிறவர், மற்றவர்கள் தனக்காகக் காத்திருக்கும் சுமையைச் சபையின் மேல் ஏற்றுகிறார். அது அன்புக்கு விரோதம். எனவே அவர் அன்போடு பதிவேட்டிலிருந்து 'விடுவிக்கப்படுவார்'. நீக்கம் என்ற சொல் கடுமையானது என்று தலைவரே அதை அடித்துவிட்டு 'கனிவான விடுவிப்பு' என்று எழுதினார். விடுவிப்புக் கடிதத்தின் மேல் ஓரத்தில் ஒரு புறாவும் கீழே ஒரு ஆசீர்வாதமும் அச்சடிக்கப்பட்டன. செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவது என்று இதைத்தான் சொல்வார்கள். ஆனால் இத்தனை கனிவாக யாரும் வெட்டியதில்லை.

முதல் கடிதம் பஸ் ஓட்டுநருக்குப் போனது. காத்திருப்பு நேரம் நூற்று நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு இறங்கியது. அந்த முதல் ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் பிந்திய இரட்டைக் குழந்தைக்காரியும் கைத்தடிக்காரரும் போனதும் முப்பது. ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், காவலாளி, வீட்டில் படுக்கையாய்க் கிடக்கிற மாமியாரைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறவள் எல்லாரும் போனதும் பன்னிரண்டு. விடுவிக்கப்பட்டவர்களின் கணவன்மாரும் பெண்டாட்டிமாரும் கடிதத்தை எதிர்பார்க்காமலேயே நின்றுவிட்டார்கள். கடிகாரக்காரர் ஒரு வரைபடம் தயாரித்து மண்டபத்தில் மாட்டினார். கோடு ஞாயிறுக்கு ஞாயிறு இறங்கிக்கொண்டே போனது. பார்க்கப் பார்க்கப் பரவசமாக இருந்தது.

நான்காம் மாதம் போதகரின் முறை வந்தது. அவர் சைக்கிளில் வருகிறவர். வழியில் யாராவது கூப்பிட்டால் இறங்கிவிடுவார்.

"மூணாவது தடவை, போதகரே," என்றார் தலைவர். "ஒன்பது ஆறு."

"அந்தம்மாவுக்கு உயிர் போயிட்டிருந்தது ஐயா. கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"முன் அனுமதி வாங்கினாரா?" என்று குமாஸ்தா செயலரிடம் கேட்டார்.

"யாரு, அந்தம்மாவா?" என்றார் போதகர்.

குறிப்பேட்டில் அந்தப் பதில் 'பொருத்தமற்றது' என்று பதிவாயிற்று. போதகர் தன் கடிதத்தை வாங்கி, புறாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு பிரசங்க நேரத்தில் தலைவர் குழுவின் குறிப்புகளையே வாசித்தார். நேரத்துக்கு வந்துகொண்டிருந்த மீதிப் பேரும் ஒவ்வொருவராக நின்றார்கள். ஆவிக்குரிய பஞ்சம் ஒன்றும் வந்துவிடவில்லை.

வட்டாரச் சபைகளின் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. 'தங்கள் சபையின் சராசரிக் காத்திருப்பு நேரம் இந்த வட்டாரத்திலேயே குறைவானது. தங்களை முன்மாதிரிச் சபையாக அறிவிக்க உத்தேசித்துள்ளோம். ஆண்டறிக்கை அனுப்பவும்.' தலைவர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

ஆணியடித்த சன்னலின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதிர்ப்புறத்தில் ஒரு டயர் கடை. ஞாயிறு விடுமுறை. அதன் தாழ்வாரத்தில், அடுக்கியிருந்த பழைய டயர்களின் மேல், விடுவிக்கப்பட்டவர்கள் உட்கார்ந்திருப்பது தெரியும். நடுவில் ஒரு பிளாஸ்க்கும் துணியால் மூடிய ஒரு கூடையும். பஸ் ஓட்டுநர் வந்து சேரும் வரை கூடையின் துணியை யாரும் தூக்கமாட்டார்கள். செயலர் அந்தச் சன்னல் பக்கம் உட்காருவதைத் தவிர்த்தார்.

தவிர்த்ததற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. இத்தனை பேரும் போன பிறகும் அவருடைய மனைவியின் பெயர் பதிவேட்டில் நீல மையிலேயே இருந்தது. எப்படி என்றால், ஒன்பது மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது செயலர், "வந்துட்டா. பின்கட்டுல கை கழுவுறா," என்று சொல்லி, எட்டு ஐம்பத்தெட்டு என்று எழுதிவிடுவார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய் அதுதான். பொய்யும் அவர் கையில் அத்தனை துல்லியமாகத்தான் வந்தது. அவள் ஒன்பது பதினைந்துக்குப் பின்வாசல் வழியாக ஈரக் கையோடே வருவாள். யாரும் கவனிப்பதில்லை. தட்டு கழுவுகிறவளை யார் கவனிக்கிறார்கள்?

ஆனால் முன்மாதிரிச் சபைக்கு அடுக்குமா? கடிகாரக்காரர் தன் சொந்தச் செலவில் முன்வாசலில் ஒரு இயந்திரம் பொருத்தினார். அட்டையை உள்ளே விட்டால் டக்கென்று நேரம் அடித்துத் தரும். பின்வாசல் பூட்டப்பட்டது. அடுத்த இரண்டு ஞாயிறும் செயலரின் மனைவியின் அட்டையில் டக், டக்கென்று சிவப்பில் விழுந்தது. ஒன்பது பன்னிரண்டு. ஒன்பது ஒன்பது.

மூன்றாவது ஞாயிறுக்கு முந்தின நாள் சாயங்காலம். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். செயலர் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் யார்கிட்டயாவது மாத்திக்கோயேன்."

"யார்கிட்ட?"

"யார்கிட்டயாவது. ஒரே ஒரு நாள். எட்டரைக்குக் கிளம்பிட்டீன்னா போதும்."

"ஆபரேஷன் வார்டு விரிப்பு எட்டு மணிக்குத்தாங்க இறங்கும். ரத்தமும் சீழுமா இறங்கும். நான் எட்டரைக்குக் கிளம்பிட்டா அடுத்த ஆள எதுல படுக்க வைப்பாங்க? உங்க பதிவேட்டுலயா?"

"நான் என்ன பண்ணட்டும்? மிஷின் வச்சுட்டாங்க."

அவள் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை அவர் கையில் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார். மடித்தபடியே அவள் பேசினாள்.

"நான் அன்னைக்குக் கேட்டது ஒரு வாய் ரொட்டி. நீங்க இருபத்திரண்டு விதி குடுத்தீங்க. சரி, அத விடுங்க. எனக்குப் பொய் எழுதினீங்களே, அன்னைக்கெல்லாம் ராத்திரி புரண்டு புரண்டு படுத்தீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? நாளைக்கு உண்மைய எழுதுங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்."

"உன் பேர நானே அடிக்கணுமாம்மா?"

"வேற யாரு அடிப்பா? உங்க கையெழுத்துதானே நல்லா இருக்கும்."

அவள் சிரித்தாள். செயலருக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் ஒரே மேசையில்தான் அப்பம் பிட்டிருக்கிறார்கள். ரொட்டித் தூளாக இருந்தாலும் அவள் பங்கு அந்த மேசையில் இருந்தது. நாளைக்கு அதுவும் இருக்காது. அதை எடுப்பது தன் பேனாதான் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அன்று இரவும் புரண்டுதான் படுத்தார்.

ஞாயிறு காலை. பதிவேட்டில் ஐந்து பேர். மண்டபத்தில் நால்வர். நீள மேசையின் ஒரு முனையில் நால்வரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மறு முனை வெறிச்சென்று கிடந்தது. சுவரில் வரைபடத்தின் கோடு கிட்டத்தட்டத் தரையைத் தொட்டிருந்தது. இன்று ஒரே ஒரு பெயர் போய்விட்டால் பூஜ்யம்.

கடிகாரம் ஒன்பது அடித்தது. கடிகாரக்காரர் ஒவ்வோர் அடியையும் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

"வரல," என்றார் குமாஸ்தா.

"மிகவும் வருந்துகிறோம்," என்றார் தலைவர், எழுத்துத் தமிழில். வருத்தத்தை அவர் எப்போதும் எழுத்துத் தமிழில்தான் தெரிவிப்பார். "விடுவிச்சிடுங்க."

செயலர் பேனாவைத் திறந்தார். மனைவியின் பெயரின் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தார். நேரான கோடு. புறாக் கடிதத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு உறையில் போட்டார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆனால் கோட்டின் மேல் ஒரு சொட்டும் விழாமல் பார்த்துக்கொண்டார்.

"அனைவரும் ஆஜர்," என்று கடிகாரக்காரர் அறிவித்தார். "காத்திருப்பு பூஜ்யம்!"

தலைவர் எழுந்து, உணர்ச்சி பொங்க வேதத்தைத் திறந்து, அப்பம் பிட்கும் பகுதியை வாசித்தார். பதினேழாம் விதியை எடுத்த அதே நிருபம், அதே அதிகாரம். இந்த அப்பத்தைப் புசித்து இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணும்போதெல்லாம் கர்த்தருடைய மரணத்தைத் தெரிவிக்கிறீர்கள், அவர் வருமளவும்.

"ஒரு நிமிஷம்," என்றார் கடிகாரக்காரர்.

தலைவரின் கை அப்பத்துக்குப் பாதி வழியில் நின்றது.

"வருமளவும்னு படிச்சீங்களே. இன்னும் யாரோ வரணுமா?"

"கர்த்தர் வரணும்ப்பா. என்ன கேள்வி இது?"

"எத்தனை மணிக்கு?"

"நேரமெல்லாம் சொல்லல. சீக்கிரமா வர்றேன்னு சொல்லியிருக்கார்."

"எப்போ சொன்னார்?"

"ஒரு ரெண்டாயிரம் வருஷம் இருக்கும்."

கடிகாரக்காரர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து உள்ளங்கையில் கணக்குப் போட்டார். அவர் முகம் வெளுத்தது. "நூத்தஞ்சு கோடி நிமிஷம்," என்றார். "ஐயா, நம்ம சராசரி!"

தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கை அவர்கள் கண் முன்னே நின்றது.

"பதறாதீங்க," என்றார் குமாஸ்தா. கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "அவர் பதிவேட்டுல இருக்காரான்னு முதல்ல பாருங்க. இல்லன்னா நமக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

செயலர் பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். இத்தனை வருடத்தில் யாரும் திருப்பாத பக்கம். சபையைத் தொடங்கியவர்கள் எழுதி வைத்தது. அவர் வாசித்தார்: "சபையின் தலை: இயேசு கிறிஸ்து."

"வருகை?"

"ஒரு குறியும் இல்லைங்க."

"விடுப்புக் கடிதம்?"

"இல்லைங்க."

"மூணு ஞாயிறுக்கு மேல ஆச்சா?"

"ஆச்சுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் பதினேழாம் விதி. அது வேதத்தில் இருக்கிறது, மாற்ற முடியாது. மறு பக்கம் ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. முன்மாதிரிச் சபை என்ற பட்டமும் அதன் பக்கத்திலேயே ஆறிக்கொண்டிருந்தது. தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தயங்கினார் என்பதையும் அவருடைய பெருமைக்காகச் சொல்லத்தான் வேண்டும். ஏறக்குறைய அரை நிமிடம் தயங்கினார்.

"போதகருக்கே விலக்கு குடுக்கல," என்றார் கடைசியில். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். ரொம்ப மரியாதையா விடுவிக்கணும். கடிதத்துல ரெண்டு வரி கூடுதலாப் போடுங்க."

செயலர் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தார். அதுவும் நேரான கோடுதான். இன்னொரு புறாக் கடிதத்தை நிரப்பி, தலைவரின் கையெழுத்தை வாங்கி, உறையில் போட்டு ஒட்டினார். பிறகு பேனாவை மூடிப் பதிவேட்டின் மேல் வைத்தார். தன் அட்டையை எடுத்து பேனாவின் பக்கத்தில் வைத்தார். இரண்டு உறைகளையும் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, ஆறு அங்குல மேல்வீட்டறையிலிருந்து கீழே இறங்கினார்.

"எங்க கிளம்பிட்டீங்க? இப்பத்தான் ஆரம்பிக்கப்போறோம்," என்றார் தலைவர். "கடிதத்தை நாளைக்குத் தபால்ல போட்டுக்கலாமே. ஆமா, அவருக்கு எந்த விலாசம் போட்டீங்க?"

"விலாசம் எதுக்குங்க ஐயா?" என்றார் செயலர், வாசல்படியில் நின்று. "நாம விடுவிச்சவங்க எல்லாரும் எதிர்த்தாப்புல டயர் கடைத் தாழ்வாரத்துலதானே உக்காந்திருக்காங்க. இவரும் அங்கதான் இருப்பாரு. என் பொண்டாட்டி கடிதத்தோட சேர்த்து நானே கையில குடுத்துடறேன்."